கோதண்டபாணி அழுத அழுகை

கொல்லிமலை அடிவாரத்தில், பஸ் கடைசியாக நின்று திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில், குழந்தையம்மாள் என்று ஒரு ஞானி இருந்தார். ஞானி என்றதும் காவியையும் ருத்ராட்சத்தையும் தேடாதீர்கள். ஐம்பது வயசு, வெளுத்த நூல் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து. அவரைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவரிடமே வந்து, "குருவம்மா எங்கேம்மா?" என்று கேட்பார்கள். "வருவாங்க, உக்காருங்க" என்று மோர் கொடுப்பார்.

அவரிடம்தான் ஒரு ஆனி மாசத்துக் காலையில் கோதண்டபாணி வந்து இறங்கினார்.

கோதண்டபாணியை உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். இருபது வயசில் கதாநாயகனின் மூன்றாவது நண்பனாக வந்து, பாட்டுக் காட்சியில் கைதட்டிவிட்டுப் போனவர். அப்புறம் பத்து வருஷம் வில்லன். கடைத்தெருவில் பெண்கள் அவரைக் கண்டால் சேலைத் தலைப்பை இழுத்து மூடுவார்கள். அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "இருபத்திநாலு மணி நேரம் போனாத்தான் எதையும் சொல்ல முடியும்" என்கிற டாக்டர். தூர்தர்ஷன் நாடகங்களில் ஓய்வுபெற்ற வாத்தியார். கடைசியில் ஒரே சீரியலில் ஆயிரத்து நானூறு நாள் அப்பா. தமிழ்நாட்டில் பாதி வீட்டில் அவர் அழுதால்தான் அடுப்பில் குக்கர் ஏறும். அந்த அழுகைக்கு அப்படி ஒரு மவுசு!

குழந்தையம்மாள் வீட்டில் டிவி கிடையாது.

"ஐயா என்ன வேலை பாக்கறீங்க?"

"நடிகனுங்க."

"எதுலீங்க?"

அம்பது வருஷம் நடித்தவரிடம் கேட்கிற கேள்வியா இது? கோதண்டபாணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் பணிவாக, "எல்லாத்துலயும்" என்றார்.

"சரி. எதுக்கு வந்தீங்க?"

"நிஜமா அழக் கத்துக்கணும்மா."

குழந்தையம்மாள் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். "இங்க வர்றவங்க எல்லாம் அழுகையை நிறுத்தத்தான் கேட்டு வருவாங்க."

கோதண்டபாணி சொன்னார். மூன்று மாசத்துக்கு முன்னால் மனைவி வேதவல்லி போய்ச் சேர்ந்துவிட்டாள். நாற்பத்தைந்து வருஷ வாழ்க்கை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அழுதார். அழும்போதே ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முகம் தானாகத் திரும்பிக்கொண்டது. சீரியலில் எப்படி அழுவாரோ அதே மாதிரி, உதடு முதலில் துடித்தது, அப்புறம் கண். துக்கத்துக்கு வந்த ஒரு அம்மாள், "அப்படியே டிவியில பாக்கற மாதிரியே இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கேட்டதும் அவருக்கு உள்ளே ஒரு துளி சந்தோஷம் வந்தது. அதுதான் இன்றுவரை அவரைத் தின்கிறது.

"என் ஒரே பொண்ணு சாருலதா. அவ பேச்சை நிறுத்திட்டா. 'நிஜமா அழத் தெரிஞ்ச அன்னிக்கு வீட்டுக்கு வாங்க'ன்னுட்டா. நான் அழுதேனா நடிச்சேனான்னு எனக்கே தெரியலை. அதைத் தெரிஞ்சுக்காம அவ முகத்துல எப்படி முழிக்கிறது?"

"இப்ப அழுங்க பாக்கலாம்" என்றார் குழந்தையம்மாள்.

"எதுக்காக?"

"சும்மாதான்."

முப்பது நொடிகூட ஆகவில்லை. உதடு துடித்தது, கண் நிறைந்தது. வாசலில் புளி ஆய்ந்துகொண்டிருந்த இரண்டு பெண்களும் வேலையை விட்டுவிட்டு மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள்.

"நல்லாயிருக்கு. இப்ப உங்க வீட்டம்மாவை நெனச்சு அழுங்க."

அழுதார். அதே உதடு, அதே கண். புளி ஆய்கிற பெண்கள் மறுபடியும் மூக்கை உறிஞ்சினார்கள்.

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"தெரியலையேம்மா!" என்றார் கோதண்டபாணி. நிஜமாகவே தெரியவில்லை.

"அப்ப கொஞ்ச நாள் இருங்க."

இருந்தார். ஒரே வாரத்தில் பிரமாதமான சீடராகிவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றியில் ஒற்றைக் கீற்று விபூதி, தரையை நோகடிக்காத நடை. ஒரு பக்தித் தொடரில் முனிவராக வந்தபோது பழகிய நடை அது. பாவம், மனுஷன் வேண்டுமென்று செய்யவில்லை. இடத்துக்குத் தகுந்த மாதிரி உடம்பு அதுவாகவே மாறிக்கொள்கிறது, அவர் என்ன செய்வார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் வந்தது. வாசலில் குழந்தையம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே கோதண்டபாணி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் பாத்திரத்தைத் தாண்டிப் போய் அவர் காலில் விழுந்தார்கள். அவர் கை தன்னால் உயர்ந்து ஆசீர்வாதம் செய்துவிட்டது! அதில் ஒருத்தி, மகன் வீட்டைவிட்டுப் போய் நாலு வருஷமாச்சு, திரும்புவானா என்று கேட்டாள். கோதண்டபாணி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "போன வழி தெரிஞ்சவனுக்கு வர்ற வழியும் தெரியும்மா" என்றார். முனிவர் வேஷத்தில் என்றைக்கோ பேசிய வசனம். அவள் அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுது, முகம் தெளிந்து போனாள்.

வேன் கிளம்பியதும் கோதண்டபாணி அலறியடித்துக்கொண்டு பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு ஓடினார்.

"அம்மா, தப்புப் பண்ணிட்டேன். உங்க இடத்துல உக்காந்து ஏமாத்திட்டேன்."

"அந்தம்மா நிம்மதியாப் போனாங்களா?"

"போனாங்க."

"அப்புறம் என்ன?"

"அது என் வார்த்தை இல்லையே! எவனோ எழுதினது."

"நானும் எங்கியோ கேட்டதைத்தான் சொல்லிட்டிருக்கறேன்" என்று குழந்தையம்மாள் சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

கோதண்டபாணிக்குத் தலை சுற்றியது. இவள் நிஜமாகவே ஞானிதானா, இல்லை நம்மை வைத்துப் பொழுதுபோக்குகிறாளா? அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பொறுமை போய்விட்டது. "ஒரு கேள்வி கேட்டுப் பத்து நாளாச்சு! அழுதேனா நடிச்சேனா? ரெண்டுல ஒண்ணு சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்தினார். குரல் ஓட்டில் மோதித் திரும்பியது. கத்தி முடித்ததும் பேயறைந்த மாதிரி நின்றார். புருவத்தை இப்படித் தூக்கி, விரலை இப்படி நீட்டி, அது அவருடைய பழைய வில்லன் கோபம்.

"பாத்தீங்களாம்மா? கோபம்கூட என்னுது இல்லை."

குழந்தையம்மாள் உள்ளே போய் ஒரு பெரிய பலாப்பழத்தை உருட்டிக்கொண்டு வந்தார். கத்தியில் எண்ணெய் தடவி அதைப் பிளந்தார். பாதியை அவர் முன்னால் தள்ளினார்.

"சுளை எடுங்க."

"கைக்கு எண்ணெய்?"

"வேண்டாம். அப்படியே எடுங்க."

பலாப்பிசின் தெரியுமல்லவா? ஐந்தாவது சுளைக்கே இரண்டு கையும் விரலோடு விரல் ஒட்டிக்கொண்டன. வேட்டியைத் தொட்டால் வேட்டி வரும், முகத்தைத் தொட்டால் மீசை போகும். கோதண்டபாணி இரண்டு கையையும் பழத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க. வீட்டம்மாவை எடுத்த அன்னிக்குக் காலையில இருந்து என்ன நடந்துச்சு? அழுததைச் சொல்ல வேண்டாம். அதைக் கேட்டாச்சு."

கையில்லாமல் பேசுவது அவருக்குப் பெரிய அவஸ்தையாக இருந்தது. இரண்டு தடவை ஆரம்பித்து நிறுத்தினார். அப்புறம் தட்டுத்தடுமாறிப் பேசினார். பந்தல் போட்டது, ஐஸ் பெட்டி வந்தது, மாலைகள் வந்தது. பதினோரு மணிக்குத் தூக்குகிற நேரம். பெட்டியைத் திறந்தார்கள். அமெரிக்காவில் இருக்கிற மச்சினனுக்காக ஒரு பையன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அதோடு நிறுத்திவிட்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் தூக்கிட்டாங்க."

"நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்க."

கோதண்டபாணி பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதை யார்கிட்டயும் சொன்னதில்லை. சொன்னா பைத்தியம்பாங்க."

"சொல்லுங்க."

"நான் குனிஞ்சு வேதாவோட காதுல ஒண்ணு சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். பொண்ணு பக்கத்துலயே நின்னதால கேட்டுருச்சு."

"என்ன சொன்னீங்க?"

"'வேதா, ஒரு தடவை சிரிச்சிடு'ன்னேன்."

புளி ஆய்கிற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"செல்போனைப் பாத்துச் சிரிக்கச் சொல்றேன்னு பொண்ணு நெனச்சுட்டா. 'அம்மாவாவது உங்க படத்துல நடிக்காம போகட்டும், விடுங்கப்பா'ன்னு எல்லார் முன்னாடியும் கத்தினா. அவ அப்படி நெனச்சதுல தப்பில்லை. வேற எப்படி நெனப்பா? நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே விளங்கலை. எப்பேர்ப்பட்ட மனுஷன் பொண்டாட்டி பொணத்தைப் பாத்துச் சிரின்னு சொல்லுவான்?"

"இதுக்கு முன்னால அதை எங்கியாவது சொல்லியிருக்கீங்களா?"

"சொன்னதில்லை. என்கிட்டதான் சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"ஷூட்டிங்ல. எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்கும்மா. பொணமா நடிக்கிறவரை அந்த ஷாட் முடிஞ்சதும் சும்மா எழுந்திரிக்க விட மாட்டாங்க. மாலையும் நெத்திக் காசுமா அப்படியே படுத்திருக்கணும். கேமராவை ஓடவிட்டு, 'அண்ணே, ஒரு தடவை சிரிச்சிடுங்க'ம்பாங்க. சிரிக்கணும். அதையும் படம் பிடிப்பாங்க. படத்துல அது வராது. ஆயுசுக்காகப் பிடிக்கிறது. அப்புறம் பூசணிக்காய் சுத்தி உடைப்பாங்க. சிரிக்காம எழுந்தா ஆகாது. நான் பதினாலு படத்துல செத்திருக்கேன். பதினாலு தடவையும் சிரிச்சுட்டுத்தான் எழுந்தேன். எழுந்து, மாலையைக் கழட்டிட்டு, டீ குடிக்கப் போயிடுவேன்."

"பொண்ணுக்கு இந்த வழக்கம் தெரியுமா?"

"தெரியாது. சாகற வேஷம் போட்டா வீட்டுல மூச்சு விட மாட்டேன். வேதாவுக்குப் பிடிக்காது. அந்தப் படத்தைப் பாக்கவே மாட்டா."

குழந்தையம்மாள் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். அவர் குரல் மாறவில்லை. மோர் வேண்டுமா என்று கேட்கிற குரல்தான்.

"சிரிச்சாங்களா?"

கோதண்டபாணி புரியாமல் நிமிர்ந்தார். "யாரு?"

"நீங்க சொன்னீங்கல்ல. அவங்க சிரிச்சாங்களா?"

கோதண்டபாணி வாயைத் திறந்தார். மூன்று மாசமாக யாரும் கேட்காத கேள்வி. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. உடம்பு குலுங்கியது. மூக்கு ஒழுகியது, எச்சில் வழிந்தது, தொண்டையிலிருந்து மாடு கத்துகிற மாதிரி ஏதோ அசிங்கமான சத்தம் வந்தது.

"இல்லைம்மா" என்றார். "நான் காத்துக்கிட்டே நின்னேன். தூக்குங்கப்பான்னு சொல்றாங்க, நான் பெட்டியை விடலை. இதோ சிரிச்சிடுவா, இதோ சிரிச்சிடுவான்னு நின்னேன். அவ சிரிக்கவே இல்லைம்மா."

புளி ஆய்கிற பெண்கள் இந்தத் தடவை அழவில்லை. பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

ரொம்ப நேரம் கழித்து, "இது நிஜமாம்மா?" என்று கேட்டார் கோதண்டபாணி.

குழந்தையம்மாள் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து, பழத்துக்குள்ளிருந்து அவர் கைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, விரல் விரலாகப் பிசினைத் தேய்த்து எடுத்தார்.

"பதினோரு மணிக்கு ஒரு பஸ் இருக்கு" என்றார். "என்கிட்டச் சொன்னதைப் போயி உங்க பொண்ணுகிட்டச் சொல்லுங்க. அவங்களும் அம்மாவோட அந்தச் சிரிப்புக்குத்தான் காத்துட்டிருப்பாங்க."