மன்னரின் மீசையும் மங்கையின் வேலையும்

மீசை வைத்திருப்பவர்களுக்கு முன்னாடியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் ஒரு மீசை படாத பாடு படப்போகிறது. அப்புறம் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கொன்றையூர் மன்னர் திருமேனியார் ஊருக்கு ஊர் இலவசப் பள்ளிக்கூடம் கட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமை ஆசிரியர். எழுத்து பிடிபடாத பிள்ளைகளோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு துணை ஆசிரியர். நல்ல யோசனைதான். ஆனால் துணை ஆசிரியர்களுக்கு நியமன ஓலையை எழுதியவர் கல்வி அதிகாரி அம்பலவாணர். மனுஷனுக்கு எழுத்தாணியைத் தூக்கினாலே கொட்டாவி வரும். 'பள்ளிக்கு உதவியாக இருந்து, இதர பணிகளையும் செய்யவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

ஒருநாள் மன்னர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பள்ளிக்குள் நுழைந்தார். கூடவே அம்பலவாணரும், அரசவை விகடர் பிச்சாண்டியும். கடைசி வரிசையில் இருந்த பேச்சி என்ற சிறுமியை மன்னர் வாசிக்கச் சொன்னார்.

"க, ங, ச, ஞ, ட..." பேச்சி நின்றுவிட்டாள்.

"அப்புறம்?"

"அம்புட்டுத்தான் ராசா."

அடுத்த பிள்ளையும் 'ட'வில் நின்றது. அந்த வரிசையில் ஆறு பேர். ஆறு பேரும் அதே இடத்தில் நின்றார்கள். மன்னருக்கு முகம் சிவந்தது.

"துணை ஆசிரியை மங்கை சரியில்லை மன்னா. நீக்கிவிடலாம்" என்றார் அம்பலவாணர், வாய்க்கு வந்தபடி.

"பத்து நாளில் வேறு ஆளைப் போடும்" என்று சொல்லிவிட்டு மன்னர் தேருக்கு நடந்தார்.

மங்கை புளிக்கறை படிந்த கையோடு அப்போதுதான் உள்ளே வந்தாள். சேதி கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னை அனுப்பட்டும் ஐயா. இந்த ஆறு பேரையும் 'ட'வுல விட்டுட்டுப் போறதுதான் எனக்குத் தாங்கல" என்றாள் பிச்சாண்டியிடம்.

பிச்சாண்டி பேச்சியின் பக்கத்தில் குந்தினார். "ஏம்மா, எல்லாரும் ஒரே எடத்துல ஏன் நின்னீங்க?"

"அக்கா 'ட' எழுதறப்போ யாராச்சும் கூப்பிட்டுடுவாங்க. ஆடு நுழைஞ்சிடுச்சு, தண்ணி தீர்ந்துடுச்சு, புளியை உலுக்கணும், அதிகாரி ஐயா குடை கிழிஞ்சிடுச்சும்பாங்க. அக்கா திரும்பி வர்றதுக்குள்ள எங்களுக்கு மறந்துடும். மறுபடி 'க'வுலேர்ந்து ஆரம்பிப்போம்."

தேரில் ஏறியதும் பிச்சாண்டி இதை அப்படியே மன்னரிடம் சொன்னார். மன்னர் கேட்கவில்லை. "ஓர் ஆட்டை விரட்ட எவ்வளவு நேரமாகும்? விரட்டிவிட்டு வந்து சொல்லிக்கொடுக்கட்டுமே."

"சரிதான் மன்னா. எனக்கு ஒரு சின்ன வேண்டுகோள். நம் நாவிதர் சிங்காரத்தின் ஓலையில் 'மன்னருக்குச் சவரம் செய்யவும்' என்று மட்டும்தான் இருக்கிறது. அதிலும் 'இதர பணிகளையும் செய்யவும்' என்று ஒரு வரி சேர்த்துவிடலாமா?"

"ஒரு வரிதானே, சேர்த்துக்கொள்ளும்" என்றார் மன்னர், பாவம்.

மறுநாள் காலை. பக்கத்து நாட்டுத் தூதர் இளவரசிக்குச் சம்பந்தம் பேச வந்து சபையில் காத்திருக்கிறார். சிங்காரம் மன்னரின் இடது மீசையை ஒதுக்கி முடித்து, வலது பக்கம் கத்தரியைக் கொண்டுபோனார். சமையல்கட்டிலிருந்து ஆள் வந்தது. "சிங்காரண்ணே, தேங்காய் உரிக்கணும், வாங்க." மன்னர் வாயைத் திறப்பதற்குள் பிச்சாண்டி ஓலையைக் காட்டினார். இதர பணி. சிங்காரம் போய்விட்டார்.

திரும்பி வந்த சிங்காரம் தலையைச் சொறிந்தார். "எந்த அளவுல வெட்டுனேன்னு மறந்துபோச்சு மன்னா. முதல்லேர்ந்து வர்றேன்." இடது மீசை இன்னும் கொஞ்சம் குறைந்தது. வலது பக்கம் போகும்போது யானைக் கொட்டடியிலிருந்து கூப்பிட்டார்கள். அப்புறம் பந்தலுக்குக் கயிறு பிடிக்க. ஒவ்வொரு தடவையும் சிங்காரம் ஓடினார், வந்தார், முதலிலிருந்து ஆரம்பித்தார். உச்சிவேளைக்குள் மன்னரின் இடது மீசை எறும்பு வரிசை மாதிரி ஆகிவிட்டது. வலது மீசை மட்டும் புதராக அப்படியே இருந்தது.

"தூதர் கிளம்பப் பார்க்கிறாராம் மன்னா" என்று காவலன் வந்து சொன்னான்.

மன்னர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கத்தினார். "இந்த முகத்தோடு நான் எப்படியய்யா சபைக்குப் போவது?"

"ஒரு தேங்காய் உரிக்க எவ்வளவு நேரமாகும் மன்னா?" என்றார் பிச்சாண்டி மெதுவாக. "அரை நாள் பாதி மீசையோடு உட்கார உங்களால் முடியவில்லை. அந்தப் பிள்ளைகள் ஆறு மாதமாகப் பாதி எழுத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்."

துண்டு மெல்ல இறங்கியது. மன்னர் கண்ணாடியைப் பார்த்தார். வெட்கமும் வந்தது, சிரிப்பும் வந்தது. மீசையை முழுக்க மழித்துக்கொண்டு சபைக்குப் போனார். சம்பந்தமும் முடிந்தது. அன்றைக்கே மங்கைக்குப் புது ஓலை எழுதினார். 'பின்தங்கிய பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கவும். பாடத்தின் நடுவில் யாரும் எழுப்பக் கூடாது.'

அம்பலவாணர் இழுத்தார். "அப்படியானால்... ஆட்டை யார் விரட்டுவது மன்னா?"

பிச்சாண்டி மடியிலிருந்து இன்னொரு ஓலையை எடுத்தார். அது அம்பலவாணரின் நியமன ஓலை. அவரே சோம்பலோடு எழுதிக்கொண்டது. 'பள்ளிகளைப் பார்வையிட்டு, இதர பணிகளையும் செய்யவும்.'

ஒரு மாதம் கழித்து மன்னர் தங்க வளையலோடு அந்தப் பள்ளிக்குப் போனார். உள்ளே பேச்சி 'ட'வைத் தாண்டி, 'ன' வரைக்கும் போய்க்கொண்டிருந்தாள்.

"மங்கை, இங்கே வாம்மா" என்று வாசலிலிருந்தே கூப்பிட்டார் மன்னர்.

மங்கை தலையைத் தூக்கவில்லை. பேச்சிதான் எட்டிப் பார்த்தாள். "நடுவுல எழுப்பக் கூடாதுன்னு ஓலையில இருக்கு ராசா. செத்த நில்லுங்க."

மன்னர் வாயை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி, புளியமரத்தடிக்குப் போனார். அங்கே கையில் குச்சியோடு நின்றிருந்த அம்பலவாணர், நான்கு ஆடுகளைத் தள்ளிவிட்டு மன்னருக்கு இடம் கொடுத்தார்.