புகைக்குள் கேட்ட குரல்

அறவாழி ஐம்பது வயதில் மலைமேல் இருந்த மடத்துக்கு வந்து சீடரானவர். வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தேடும் பறக்கும் இயந்திரங்களைச் செய்வது அவர் தொழில். அதை விட்டுவிடும்படி குரு தயாபரி அம்மை ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு முற்பகலில் அவர் மனமொடிந்து வந்து நின்றார். ஒத்திகையில் ஏழு இயந்திரங்களும் ஒரே கூரைக்குப் போய்விட்டன. மற்றக் கூரைகளை எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. ஒன்றைத் தலைமையாக்கினால், அதன் தொடர்பு அறுந்ததுமே மற்ற ஆறும் அந்தரத்தில் நின்றுவிடுகின்றன.

“ஏவ ஆள் இல்லாமல் பலர் எப்படி வேலையைப் பங்கிட்டுக்கொள்வது, அம்மா?”

குரு வாய் திறப்பதற்குள் கிழக்குச் சரிவில் புகை எழுந்தது. காய்ந்த புல்லில் தீ. சரிவுக்குக் கீழே முப்பது பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி.

மடத்தில் இருந்த ஒன்பது பேரும் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு ஓடினார்கள். அறவாழி ஒரு பாறைமேல் ஏறி, யார் எங்கே நிற்க வேண்டும் என்று கைகாட்டினார். காற்று திரும்பிப் புகை சூழ்ந்தது. நீட்டிய கை அவருக்கே தெரியவில்லை. குரு அவரைக் கீழே இறக்கி, கையில் ஒரு கிளையைக் கொடுத்து வரிசைக்குள் நிறுத்திவிட்டுப் போனார்.

“ஓடைப் பக்கம் நான்” என்று புகைக்குள்ளிருந்து குருவின் குரல் வந்தது.

“நெல்லிமரத்தடி நான்.” அது மடத்துச் சமையல்காரர் செங்கமலம்.

“பாறைக்குக் கீழே நான்” என்றார் அறவாழி. தீயை அடித்தபடியே எல்லோரும் தத்தம் இடத்தை மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சற்று நேரத்தில் நெல்லிமரத்தடியிலிருந்து சத்தமே வரவில்லை. அறவாழி கண்ணெரிச்சலோடு தட்டுத் தடுமாறிப் போனார். செங்கமலம் மூச்சுத் திணறிக் கிடந்தார். அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறும்போது, தம் இடம் காலியாய்க் கிடக்கிறதே என்று திரும்பிப் பார்த்தார்.

“ஓடையும் பாறையும் நான்” என்று குருவின் குரல் கேட்டது. நெல்லிமரத்துக்கு அடுத்த மேட்டில் நின்ற சீடர் தம் இடத்தோடு நெல்லிமரத்தடியையும் சேர்த்துச் சொன்னார்.

பிற்பகலில் தீ அடங்கியது. பள்ளி வேலிக்கு இன்னும் நூறடி இருந்தது. செங்கமலம் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

அறவாழி கரி படிந்த முகத்தோடு குருவிடம் வந்தார்.

“என் இடத்தையும் பார்க்கச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது, அம்மா?”

“செங்கமலத்திடம் போகச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது?”

“யாரும் சொல்லவில்லை. அவர் குரல் நின்றுவிட்டது.”

“உங்கள் குரலும் நின்றது” என்றார் குரு.