நடந்து போன மூணு சிலுவை

தேரிக்காட்டுக்கு நடுவுல, கண்ணுக்கு எட்டுன மட்டும் செம்மண்ணும் பனையுமா ஒரு ஊரு இருந்துச்சு, அந்த ஊருல ஞானப்பூன்னு ஒருத்தி இருந்தா. அவ புருஷன் யேசுவடியான் பனையேறி. அவன் விடியுமுன்ன மரம் ஏறி, பாளையச் சீவி, கலயத்துல நெறஞ்சிருக்குற பதனிய இறக்கிக் குடுப்பான். இவ விடிலியில உக்காந்து அதக் காய்ச்சி, சிரட்டையில ஊத்திக் கருப்பட்டி எடுப்பா. விடிலின்னா என்னன்னு முழிக்காதிய, பதனி காய்ச்சுற ஓலைக் குடிசைதான். அந்தப் புகையும் இனிப்பும் சேந்து ஒரு வாசம் வரும் பாருங்க, பங்குனி பொறந்தா ஊரே அந்த வாசத்துலதான் கண்ணு முழிக்கும்.  சரி, அத விடுங்க.

ஞானப்பூவுக்கு எழுத்து தெரியாது. ஞாயித்துக்கெழமை கோயில்ல உபதேசியார் வேதத்த வாசிச்சா அப்படியே காதுல வாங்கி வச்சிக்கிடுவா, அப்புறம் வாரம் முழுக்க வெளியில எதப் பாத்தாலும் அதோட பொருத்திப் பாப்பா. பருந்து வட்டம் போடும்போது கோழி ரெக்கைய விரிச்சுக் குஞ்சுகளக் கூப்பிடுதா, "ஆண்டவரும் இப்படித்தான் நம்மளக் கூப்பிடுதாரு, நாமதான் ஓடுதோம்"பா. காத்துல தேரி மணலு எடம் மாறிப் போச்சா, "மணல்ல வீடு கட்டாதன்னு சும்மாவா சொன்னாரு"ன்னு சிரிப்பா. ஊருல அவளக் கேலி பண்ணாத ஆளு கிடையாது. அவளுக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல.

அவளுக்குன்னு இருந்தது மூணே மூணு பனை. மூணுக்கும் பேரு வச்சிருந்தா. இடி விழுந்து பாதி கருகியும் விழாம நின்ன மரத்துக்கு யோபு. குட்டையா நின்ன மரத்துக்குச் சகேயு, ஏன்னா சகேயு குள்ளன், ஆண்டவரப் பாக்க மரத்து மேல ஏறினவன். மூணாவது மரம் ரொம்ப காலம் பாளையே விடல. வெட்டிப் போட்டுரலாம்னு எல்லாரும் சொன்னாவ, இவ விடல, கடைசியில வயசான காலத்துல பாளை விட்டுப் பதனி கொட்டுச்சு பாருங்க, அதுக்குப் பேரு சாராள். ஏன் சாராள்? கெழவியான பொறவு பிள்ளை பெத்தவ யாரு? ஆங், தெரியுதுல்ல.

இன்னொண்ணும் சொல்லணும். கல்யாணமாகி எட்டு வருஷம் கழிச்சு அந்த வருஷம்தான் ஞானப்பூ வயித்துல ஒரு பிள்ளை தங்கியிருந்துச்சு. ஆடி மாசம் பேறுகாலம். ஆடியோட பதனியும் நின்னுரும். மூணு மரம் குடுக்குற கருப்பட்டியக் குடுத்துத்தான் மழைக்காலத்துக்கு அரிசி வாங்கணும். மரம் குடுக்கலன்னா தாயும் பிள்ளையும் பட்டினி, அவ்வளவுதான் கணக்கு.

அந்த ஊருல ஒரு வழக்கம் உண்டு. பத்துப் பனை இருக்குறவன் ஒரு பனைய அந்த வருஷத்துக்குக் கோயிலுக்கு விட்டுரணும். குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் அந்த மரத்துல சுண்ணாம்பால ஒரு சிலுவை போடுவாவ. சிலுவை விழுந்த மரத்துப் பதனி ஒரு சொட்டும் வீட்டுக்கு வரக்கூடாது. கோயில்ல வச்சுக் காய்ச்சி, விதவைகளுக்கும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும் போகும். போட்ட சிலுவைய மனுஷன் கை அழிக்கக்கூடாது, ஐப்பசி மழைதான் வந்து அழிக்கணும். ஞானப்பூவுக்கு மூணே மரம்கிறதால அவ ஒண்ணும் விட வேண்டாம்.

ஆனா மாசிலாமணி மூப்பருக்கு முப்பது மரம். கோயிலுக்கு அவருதான் மூப்பர், முன் வரிசையில உக்காருவாரு, ஜெபம் பண்ணுனா அடுத்த ஊருக்குக் கேக்கும். அந்த வருஷம் அவரு ஊர் முன்னால நெஞ்ச நிமித்திக்கிட்டு, கிணத்தடியில இருக்குற தன்னோட நல்ல மரம் மூணும் ஆண்டவருக்குன்னு சொல்லிச் சிலுவை போட்டுட்டாரு. போட்டாச்சு. வீட்டுக்குப் போயிப் படுத்தாரு, தூக்கம் வரல. திங்கக்கெழமை வரல, செவ்வாக்கெழமை வரல, புதன்கெழமையும் வரல. மூணு மரமும் கண்ணு முன்னாடி நின்னு பதனியக் கொட்டுது.

பெரிய வியாழன் காலையில யேசுவடியான் ஓடி வந்து, யோபு மேல சிலுவை போட்டிருக்குன்னு சொன்னான். ஞானப்பூ போயிப் பாத்தா, ஆமா, வெள்ளை வெளேர்னு இருக்கு. அதுக்குள்ள மூப்பர் தெருவுல நின்னு, என் மரத்துல போட்ட சிலுவை ஒண்ணக் காணோம், அது அந்தப் பக்கம் நடந்து போயிருக்கு, இது அற்புதம்னு கையத் தூக்கிட்டாரு. ஊரே நம்பிட்டு. ஞானப்பூவும் நம்பிட்டா. யோபு எல்லாத்தையும் இழந்த பொறவும் ஸ்தோத்திரம் சொன்னவருதான, நம்ம மரம் பேருக்குத் தக்கன நடக்குதுன்னு சொல்லி, அந்த மரத்துப் பதனியக் கோயிலுக்குக் கொண்டு குடுத்துட்டா.

பெரிய வெள்ளி அன்னைக்குச் சகேயு மேல சிலுவை. மூப்பர் மறுபடி கையத் தூக்கிட்டாரு. யேசுவடியானுக்குப் பொறுக்கல.

"ஏட்டி, ஆண்டவருக்குச் சுண்ணாம்பு எதுக்கு?"ன்னு கேட்டான்.

அவ அதுக்கும் ஒண்ணு வச்சிருந்தா. சகேயு தன் சொத்துல பாதிய ஏழைகளுக்குச் சந்தோசமாக் குடுத்தான்லா, அதான் கேக்காருன்னு சொல்லிட்டா. பாத்தியளா, எதப் பாத்தாலும் பாடம் எடுக்குற புத்தி இருக்கே, அதுவே ஒருத்தியக் குழியில தள்ளுச்சு. அவ நல்லவதான், ஆனா கொஞ்சம் மண்டு. நீ ஏம்ல சிரிக்க? உனக்கு மட்டும் ரொம்ப இருக்கோ.

இப்ப மூப்பர் கதைக்கு வாரேன். மூணாவது சிலுவையும் மாத்தணும், ஆனா வீட்டுச் சுண்ணாம்புப் பெட்டி காலி. ரெண்டு சிலுவைக்கும் அள்ளி அள்ளிப் பூசியாச்சு. பக்கத்து வீட்டுல கேட்டா எதுக்குன்னு கேப்பாவ. சனிக்கெழமை பொழுது சாயுற நேரம் அவரு தோட்டத்துல சுத்திச் சுத்தி வாராரு, அங்க மூணு கலயம் கவுத்தி வச்சிருக்கு. கிணத்தடி மரத்துல கட்டுறதுக்காகப் பனையேறி உள்ள சுண்ணாம்பு தடவி வச்சிருந்த கலயம். கலயத்துக்குள்ள ஏன் சுண்ணாம்பு? அது இருந்தாத்தான் பதனி பதனியா இருக்கும். இல்லன்னா விடியுறதுக்குள்ள புளிச்சுப் பொங்கிக் கள்ளாயிரும். அந்த ஊருல கள்ளுன்னு வாயால சொன்னாலே கோயில்ல பின் வரிசைதான். மூப்பருக்கு இது தெரியாதா, நல்லாத் தெரியும். கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும், அது போதும்னு மூணு கலயத்தையும் ஓட்டுச் சில்லால சுரண்டி எடுத்துட்டாரு. எடுத்துட்டுப் போயிச் சாராள் மேல சிலுவையப் போட்டாரு. பனையேறி வந்தான், ஒண்ணும் தெரியாம அந்த மூணு கலயத்தையும் மேல கொண்டு கட்டிட்டான்.

உயிர்த்தெழுந்த ஞாயிறு காலை. ஊரெல்லாம் மணிச் சத்தம், ஆளாளுக்குப் புதுத் துணி. ஞானப்பூ சாராள் முன்னால வந்து நின்னா. சிலுவையப் பாத்தா. இந்தத் தடவ அவளுக்குப் பாடம் வரல. யோசிச்சுப் பாத்தா, வரல. ஆண்டவரு சாராளுக்குப் பிள்ளையக் குடுத்தாருன்னுதான் கேட்டிருக்கா, குடுத்தத வயித்துல வச்சே பட்டினி போட்டாருன்னு எந்த ஞாயித்துக்கெழமையும் கேட்டதில்ல. மரத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வாய் விட்டு அழுதா.

அழும்போது கையில என்னமோ ஊர்ந்துச்சு. கண்ணத் தொடச்சிட்டுப் பாத்தா எறும்பு. வரிசையா மரத்துல ஏறி, சிலுவைக் கோட்டு மேலயே மொய்ச்சுக்கிட்டு நக்குது. வெறும் சுண்ணாம்ப எந்த எறும்பும் சீண்டாது. அவ ஒரு விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பாத்தா, சுண்ணாம்பு எரிச்சலுக்கு அடியில பழைய பதனிப் படிவோட இனிப்பு. பதனி காய்ச்சுறவ நாக்கு பொய் சொல்லுமா? இது கலயத்துல சுரண்டுன சுண்ணாம்பு. எறும்புகிட்டப் போயி புத்தி கத்துக்கோன்னு உபதேசியார் வாசிச்சது அப்பத்தான் அவளுக்குப் புரிஞ்சுது.

சிலுவை நடந்துச்சுன்னு சொன்னது அவருதான, நேரா மூப்பர் கிட்டப் போனா. அவரு கோயில் வாசல்ல கிணத்தடி மரத்துப் பதனிய மண்பானையில நெறச்சு வச்சுக்கிட்டு நிக்காரு. அன்னைக்கு ஊருக்கே பதனி குடுக்குறது அவரு முறை. ஊர் முன்னால அவர அவமானப்படுத்த அவளுக்கு மனசு வரல. கிட்டப் போயி மெதுவாத்தான் சொன்னா.

"அண்ணாச்சி, சாராள் மேல இருக்குற சிலுவை ஏதோ கலயத்துல சுரண்டுனது. அந்தக் கலயத்துல இன்னைக்குக் கள்ளுதான் இருக்கும். அந்தப் பதனிய யாருக்கும் ஊத்திராதிய."

மூப்பருக்குக் குப்புன்னு வேர்த்துட்டு. ஊத்தலன்னா ஏன் ஊத்தலன்னு கேப்பாவ, ஊத்துனா என்ன ஆகுமோ. அதுக்குள்ள ஊருச்சனம் ஓலைய மடிச்சுச் செஞ்ச பட்டையக் கையில வச்சுக்கிட்டு வரிசையில வந்துட்டு. இவளப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சு, என் தோட்டத்துப் பதனியக் குத்தம் சொல்லுதியா, பாருன்னு ஒரு பட்டை நெறைய ஊத்தி மடமடன்னு குடிச்சாரு. ஒண்ணும் ஆகல. தெம்பு வந்துட்டு, ரெண்டாவது பட்டை. அது இன்னும் நல்லா இருந்துச்சு. மூணாவது பட்டைய யாரும் சொல்லாமலே ஊத்திக்கிட்டாரு. பொறந்ததுல இருந்து கள்ளு வாசமே அறியாத ஒடம்பு, சும்மா விடுமா?

பதனி குடிக்கும் முன்ன மூப்பர் சாட்சி சொல்லணும், அதுதான் முறை. எல்லாரும் பட்டைய ஏந்திக்கிட்டுக் காத்திருக்காவ. மூப்பர் கொடிமரத்த ஒரு கையால பிடிச்சாரு, அப்புறம் ரெண்டு கையால பிடிச்சாரு.

"ஜனங்களே, சிலுவை நடந்துச்சுன்னு சொன்னேன்லா? சிலுவைக்கு ஏதுவே காலு? காலு எனக்குத்தான இருக்கு"ன்னாரு.

சனம் முழிக்குது. மூப்பர் விடுதாரா? புதன்கெழமை ராத்திரி யோபு மேல போட்டதச் சொன்னாரு, வியாழக்கெழமை ராத்திரி சகேயு மேல போட்டதச் சொன்னாரு, நேத்துக் கலயத்தச் சுரண்டிச் சாராள் மேல போட்டதச் சொன்னாரு, தன் மரத்துச் சிலுவைகளத் தேங்காய்ச் சவுரி நாரால தேச்சு அழிச்சதச் சொன்னாரு, யாரும் கேக்காமலே ஜெபம் பண்ணும்போது ஒரு கண்ணால யார் யாரு கவனிக்காவன்னு பாப்பேன்னும் சொன்னாரு. சொல்லி முடிச்சு அந்தக் கொடிமரத்துக்கு ஒரு முத்தம் குடுத்துட்டு, அதுக்கு அடியிலயே சுருண்டு படுத்துட்டாரு. உபதேசியார் குனிஞ்சு பானைய மோந்து பாத்தாரு. அவ்வளவுதான், இருந்த பட்டை அத்தனையும் மண்ணுல கவுந்துச்சு.

மத்தியானம் மூப்பருக்குத் தெளிஞ்சுது. தலையத் தூக்க முடியல. பிரம்பால அடிக்கணும்னு ஒருத்தன் சொன்னான், ஊர விட்டே தள்ளணும்னு ஒருத்தன் சொன்னான். உபதேசியார் ஞானப்பூவப் பாத்து, நட்டப்பட்டவ நீதான், நீ சொல்லுன்னாரு. அவளுக்குக் கோவம் இல்லாம இல்ல, வயித்துல கை வச்சுக்கிட்டுத்தான் நின்னா.

"ஆண்டவரு தம்ம ஆளுகள உப்புன்னு சொன்னாரு. அவரு இருந்த பக்கம் உப்புதான் தெரியும்போல. நம்ம தேரிக்கு வந்திருந்தா சுண்ணாம்புன்னுதான் சொல்லியிருப்பாரு. உள்ள கொஞ்சம் எரிச்சல் இருந்தாத்தான் மனுஷன் புளிக்காம இருக்கான். அண்ணாச்சி தன் உள்ள இருந்ததச் சுரண்டி வெளிய பூசிட்டாவ. இனி ஆடி முடிய ஊருல உள்ள கலயத்துக்கெல்லாம் அவியளே தன் கையால சுண்ணாம்பு தடவட்டும். தடவத் தடவ ஒட்டும்."

அப்படியே ஆச்சு. மொதல்ல அந்த மூணு சிலுவையையும் மூப்பர் தன் புது வேட்டியால தொடச்சாரு, மழை அழிக்க வேண்டியத ஊர் சம்மதத்தோட மனுஷன் கை அழிச்சது அந்த ஒரு தடவதான். கிணத்தடி மரம் மூணுலயும் மறுபடி சிலுவை ஏறுச்சு. கோயிலுக்குப் போன பதனிக்குப் பதில் ஞானப்பூ வீட்டுக்கு மூப்பர் பதனி கொண்டு ஊத்துனாரு. அப்புறம் நாளும் சாயங்காலம் முன் வரிசை மூப்பர் தெருத் தெருவாக் குத்தவச்சுக் கலயத்துக்குள்ள கைய விட்டுச் சுண்ணாம்பு தடவுனாரு. விரலெல்லாம் தோல் உரிஞ்சு போச்சு, சோத்துல காரம் பட்டாத் துள்ளுவாரு. ஆனா ஒண்ணு சொல்லணும், ஆனி மாசத்துக்கு மேல அவரு ஜெபம் அடுத்த ஊருக்குக் கேக்கல. பக்கத்துல உக்காந்தவனுக்கே கேக்கல.

ஆடி மாசம் ஞானப்பூவுக்குப் பொம்பளப் பிள்ளை பொறந்துச்சு. மரத்துக்கு வச்ச பேரையே பிள்ளைக்கும் வச்சா. அந்த மரம் இப்ப இல்ல, ஒரு புயல்ல சாஞ்சுட்டு. அந்தப் பிள்ளைக்குப் பிள்ளைகளும் எங்கெங்கயோ டவுன்ல இருக்காவ. ஆனா இன்னைக்கும் அந்தப் பக்கத்துல யாராவது ரொம்பச் சத்தமா ஜெபம் பண்ணுனா, "கலயத்துல சுண்ணாம்பு இருக்கா பாரு"ன்னு காதுக்குள்ள சொல்லிச் சிரிப்பாவ.

பதனியும் வத்திச்சு, கருப்பட்டியும் இறுகிச்சு, சிரட்டையக் கவுத்தியாச்சு. ஆளுக்கொரு துண்டு வாயில போட்டுக்கிட்டுப் படுங்க. ஜெபம் பண்ணிட்டுப் படுங்கல, மெதுவா.