கை காட்டிய இடம்

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் குருவின் பெயர் ஜெசிந்தா. வயது முப்பத்திரண்டு. திருமங்கலத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் பெண்களுக்கான பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். சிஷ்யையின் பெயர் திலகராணி. குருவைவிட நன்றாகவே மூத்தவள். தையல் வேலையை விட்டுவிட்டு, முடி வெட்டக் கற்றுக்கொள்ள வந்தவள். குரு சிஷ்யையை "அக்கா" என்பாள். சிஷ்யை குருவை "மேடம்" என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தவள் தன் முடியைத் தன் கையாலேயே பிடித்து, "இதுவரைக்கும்" என்று காட்ட வேண்டும். பிடித்த கைக்குக் கீழேதான் கத்தரி போகும். கலெக்டர் பெண்டாட்டியே வந்து உட்கார்ந்தாலும், கை காட்டாமல் ஜெசிந்தா கத்தரியை எடுக்க மாட்டாள்.

திலகராணிக்கு இது ஆகவே ஆகாது. இத்தனை காலம் துணி வெட்டியவள். சாக்பீஸால் கோடு போட்டால் அந்தக் கோட்டில் வெட்டுப்படுவதுதான் துணி. அது வாய் திறந்து கருத்துச் சொன்னதில்லை.

"மேடம், மூஞ்சியைப் பாத்தவுடனே எந்த வெட்டு பொருந்தும்னு எனக்குத் தெரிஞ்சு போகுது. அப்புறம் எதுக்கு இந்தக் கேள்வி?"

"தெரியுதா அக்கா?"

"தெரியுது."

"நல்லது" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா சீப்புகளைக் கழுவப் போய்விட்டாள்.

இதெல்லாம் ஒரு பதிலா? திலகராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கற்றுக்கொடுக்க வேண்டியவள் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தால் கற்றுக்கொள்ள வந்தவள் என்னதான் செய்வாள்?

அவளுடைய எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தங்கை பூங்கோதைக்குப் புற்றுநோய். சிகிச்சையில் தலைமுடி முழுவதும் போய்விட்டது. அக்காவுடன்தான் இருந்தாள். வாசல் கேட்டுக்குக்கூட வருவதில்லை; பால்காரர் மணி அடித்தால் உள்ளே போய்விடுவாள். அவளுக்கு ஒரு விக் கிடைக்காதா என்று திலகராணி கேட்காத இடம் இல்லை. அதனால், பக்கத்து ஊர்ப் பெண்கள் பள்ளியில் கூந்தல் தான விழா, நீங்கள்தான் வந்து வெட்டித் தர வேண்டும் என்று அழைப்பு வந்தபோது, அவளே முதலில் பையைத் தயார் செய்தாள். வெட்டிய கூந்தலைப் பார்லரிலிருந்து விக் செய்யும் அறக்கட்டளைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. பூங்கோதையின் பெயரையும் அங்கே சொல்லி வைத்திருந்தாள்.

நல்ல காரியம்தான். யார் இல்லை என்றது? ஆனால் நல்ல காரியத்தைச் சிலர் கையில் எடுத்தால் அதுவே ஒரு கெடுபிடியாகிவிடுகிறது. பள்ளித் தாளாளர் வைரவசுந்தரம் அப்படிப்பட்ட நல்லவர். வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார். அதில் முழங்கால் வரை தொங்கும் சடையோடு ஒரு மாணவியின் படம். பெயர் நிறைமதி, பதினோராம் வகுப்பு. 'புன்னகையோடு தருகிறோம்' என்று கீழே எழுதியிருந்தது. படமோ பின்பக்கமாக எடுத்தது. புன்னகைத்தாளா இல்லையா என்பது அவளுக்கும் சுவருக்கும்தான் தெரியும்.

மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

"எதுவரைக்கும் பாப்பா? நீயே பிடிச்சுக் காட்டு."

ஒருத்தி தோளில் பிடித்தாள். ஒருத்தி "மொத்தமா எடுத்துருங்க ஆன்ட்டி, தலை காய வைக்க முடியல" என்று காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள். கூட்டமே சிரித்தது. இன்னொருத்தி யோசித்து யோசித்து நுனியில் நாலு விரல் அளவு பிடித்தாள். விக்குக்கு அது காணாது. ஜெசிந்தா அந்த நாலு விரலை மட்டும் வெட்டி, "சந்தோஷமா போ" என்று அனுப்பினாள்.

தாளாளர் முகம் சுளித்தார். திலகராணியும்தான்.

"இன்னும் கொஞ்சம் மேலன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தப் புள்ள கேக்காதா மேடம்?" என்று காதோரம் கடிந்துகொண்டாள்.

"கேக்கும் அக்கா. அதான் சொல்லல."

கடைசியாக நிறைமதி வந்தாள். மைக்கில் அவள் பெயரைச் சொன்னதும் கைதட்டல் காதைப் பிளந்தது. சிறப்பு விருந்தினர் எழுந்து நின்றார். போட்டோக்காரர் ஸ்டூல் மேல் ஏறினார். அவளுடைய அம்மா முன்வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எதுவரைக்கும் பாப்பா?"

நிறைமதி பேசவில்லை. இரண்டு கைகளும் மடியில் கோத்துக் கிடந்தன.

"பிடிச்சுக் காட்டும்மா."

கை எழவில்லை. ஜெசிந்தா அவள் முன்னால் வந்து, மண்டியிட்டு, முகத்தைப் பார்த்தாள். அவசரம் இல்லாமல் பார்த்தாள். பிறகு எழுந்து, போர்த்தியிருந்த துணியை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"என்னம்மா, என்ன ஆச்சு?" தாளாளர் மேடையேறி வந்தார். "கூச்சப்படுறா. கழுத்தோட எடுத்துருங்க."

"அவ கை காட்டட்டும் சார்."

"அதான் நான் காட்டுறேன்ல?"

"அவ முடி சார்."

"அவங்கம்மாகிட்ட நேத்தே சொல்லியாச்சும்மா!" என்று முன்வரிசையைப் பார்த்தார். அம்மா பதறி எழுந்து, "சார் சொன்னா சரிதாங்க" என்று கும்பிட்டாள்.

"சொன்னீங்க சார். இவகிட்ட யாரு கேட்டீங்க?"

தாளாளருக்குக் கோபம் வந்துவிட்டது. மைக் பக்கத்தில் இருப்பதைக்கூட மறந்துவிட்டார். "தானம் பண்றதுக்குக்கூட கேள்வியா? அங்க ஒருத்தி உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடக்கா. இங்க ஒரு சடைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? பேனர்ல போட்டு ஊரெல்லாம் கட்டியாச்சு. எம் மூஞ்சியை எங்க கொண்டு போய் வைக்க?"

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதில் இப்படிப்பட்ட பெரிய மனிதர்களை யாரும் மிஞ்ச முடியாது. தேங்காய்க்காரன் முறைத்தால் அவனுக்கு பக்தி இல்லை என்றும் சொல்லிவிடுவார்கள்.

ஜெசிந்தா கத்தரியை மேசையில் வைத்துவிட்டாள். "என்னால முடியாது சார்."

தாளாளர் திலகராணி பக்கம் திரும்பினார். "ஏம்மா, உனக்கும் வெட்டத் தெரியும்ல?"

திலகராணிக்கு ஒரு கணம் பூங்கோதை கண்முன் வந்து நின்றாள். தலையில் இழுத்துக் கட்டிய துணி. பால்காரர் மணிக்கு உள்ளே ஓடுகிற ஓட்டம். இந்தப் பிள்ளைக்கு என்ன குறை? வயசு இருக்கிறது, வேர் இருக்கிறது, முடிதானே, வளர்ந்துவிட்டுப் போகிறது. இதில் மேடம் வேறு நியாயம் பேசுகிறாளாம் நியாயம்!

கத்தரியை எடுத்தாள். சடையின் மேலேயும் கீழேயும் ரப்பர் பேண்ட் போட்டாள். தடித்த சடை, ஒரே வெட்டில் போகவில்லை. நாலைந்து தடவை கத்தரி மென்று மென்றுதான் அறுபட்டது. கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். சிறப்பு விருந்தினர் சடையைத் தட்டில் வாங்கி உயர்த்திக் காட்டினார்.

நிறைமதி அழவில்லை. நாற்காலியை விட்டு இறங்கியபோதுதான் அவள் கை பின்கழுத்துக்குப் போனது. அங்கே எதையோ பிடிக்கப் பார்த்து, பிடிக்க ஒன்றும் இல்லாமல் கீழே வந்தது. திலகராணி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கத்தரியைத் துடைக்கக் குனிந்துகொண்டாள்.

திரும்பும்போது ஆட்டோவில் பொரிந்து தள்ளினாள்.

"நீங்க செஞ்சது நியாயமா மேடம்? வீட்டுல ஒருத்தி தலைய மூடிக்கிட்டு மூலையில கெடந்தாத்தான் உங்களுக்குத் தெரியும். கை காட்டு, கால் காட்டுன்னு சட்டம் பேசுறதுக்கு இதுவா நேரம்? புண்ணியத்தைக் கெடுக்கப் பாத்தீங்களே!"

ஜெசிந்தா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் தாடை இறுகியிருந்தது. இறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அந்தச் சடையை மத்ததோட கலக்காதீங்க அக்கா. தனியா வைங்க."

திலகராணி அதைத் தனியாகத்தான் வைத்தாள், தன் பைக்குள். தங்கையிடம் காட்டாமல் அவளுக்கு மனசு ஆறாது.

வீட்டுக்குப் போனதும் சடையைப் பூங்கோதையின் மடியில் வைத்தாள். நடந்தது முழுவதையும் ஒன்று விடாமல் சொன்னாள். குருவைத் திட்டிக்கொண்டே சொன்னாள். பூங்கோதை சடையைத் தடவிப் பார்த்தாள். முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள்.

"சீயக்காய் வாசனை அடிக்குதுக்கா. பாத்துப் பாத்து வளத்திருக்கா."

"அதான் சொல்றேன். இந்த மாதிரி முடி எங்க கெடைக்கும்?"

"அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. சின்னப் புள்ளதானே, கூச்சம்."

பூங்கோதை சடையின் நுனியை விரலில் சுற்றினாள்.

"நானும் ஒண்ணும் சொல்லலையேக்கா."

"எப்ப?"

"எனக்கு முடி கொட்ட ஆரம்பிச்சப்ப. முடி வழிக்கிற மெஷினை எடுத்துட்டு வந்து, 'கொட்டிக் கொட்டி அழுறதுக்கு ஒரேயடியா வழிச்சுரலாம்'னு உக்கார வச்ச. நீ நல்லதுக்குத்தான் செஞ்ச, எனக்குத் தெரியும். ஆனா அன்னைக்கு என் தலையில பாதி முடி இருந்துச்சு. இன்னும் ரெண்டு நாள் வச்சுப் பின்னிக்கணும்னு ஆசையா இருந்துச்சு. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நீ சொல்லியிருக்கலாமேடி!"

"மெஷினை ஓட விட்டுட்டியே, எப்படிச் சொல்ல?" பூங்கோதையின் குரல் உயர்ந்தது. நோய் வந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. "டாக்டர் எதையும் கேக்கல. ஊசி போடுறவங்க கேக்கல. எல்லாரும் என் நல்லதுக்கே செய்றாங்க. நீயும் அப்படியே செஞ்சியேன்னுதான் எனக்கு ஆத்திரம். முடி போனதுக்கு அழல நான். அதுக்குத்தான் அழுதேன்."

அன்றைக்குத் தங்கை அழுததைத் திலகராணி பார்த்திருந்தாள். நோய்க்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, "அழாதடி" என்று இன்னும் வேகமாக மெஷினை ஓட்டியிருந்தாள்.

"எனக்கு முடி ஆசை இருக்குக்கா" என்றாள் பூங்கோதை. "இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். யாராச்சும் குடுத்தா வச்சுக்குவேன். இதை எடுத்து உள்ள வையி. என் மடியில வேணாம்."

மறுநாள் திலகராணி சீக்கிரமே கடைக்குப் போனாள். ஜெசிந்தா அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். திலகராணி பையிலிருந்து சடையை எடுத்துக் கண்ணாடி முன்னால் வைத்தாள். இரவெல்லாம் அடக்கி வைத்தது உடைந்து வந்தது.

"எம்மேலயே எனக்கு ஆத்திரமா வருது மேடம். கூடப் பொறந்தவகிட்டயே கேக்காதவ, ஊரான் வீட்டுப் புள்ளகிட்டயா கேக்கப் போறேன்? அந்தாளு வெட்டுன்னான், நானும் வெட்டிட்டேன். கூலிக்காரி மாதிரி வெட்டிட்டேன். நீங்களாச்சும் எங்கையப் பிடிச்சுத் தடுத்திருக்கக் கூடாதா?"

ஜெசிந்தா கூட்டுவதை நிறுத்தினாள். அவள் கண்களும் சிவந்திருந்தன.

"தடுத்திருக்கணும்தான் அக்கா. கத்தரியை மேசை மேல வச்சது என் தப்பு. பைக்குள்ள போட்டிருக்கணும்."

இரண்டு பேரும் சடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழே மருந்துக்கடை திறக்கிற சத்தம் கேட்டது.

"இப்ப இதை என்ன செய்யறது மேடம்? அறக்கட்டளைக்கு அனுப்பிட்டா யாருக்காச்சும் பிரயோஜனப்படும். வெட்டுனது வெட்டுனதுதானே, வீணாவா போகணும்? ஆனா அனுப்ப மனசு வரல. திருப்பிக் குடுத்தா, அதைப் பாத்துப் பாத்து அந்தப் புள்ள இன்னும் அழுமோன்னு பயமா இருக்கு. அவ அம்மாகிட்டக் குடுத்துட்டு வந்துரவா? நீங்க சொல்லுங்க. நீங்க எதைச் சொன்னாலும் அப்படியே செஞ்சுடுறேன்."

ஜெசிந்தா துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தி வைத்தாள். சடையை எடுத்து ஒரு சுத்தமான துண்டில் சுற்றித் திலகராணியின் கையில் கொடுத்தாள்.

"என்னை ஏன் அக்கா கேக்குறீங்க?"