புறா எண்ணும் நிமிஷங்கள்

அந்தக் காலத்தில் புறாவுக்கு நடக்கும்போது தலை ஆடாது. நாரையைப் போல நேராகத்தான் வைத்திருக்கும். கடிகாரங்களுக்கும் அப்போது வாய் இருந்தது. கேட்டால் பதில் சொல்லும்.

துறைமுகத்து ஊர் ஒன்றில், கடைவீதி முனையில் இருந்த பழைய வங்கிக் கட்டடத்தின் நெற்றியில் ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. அதன் பின்னால் இருந்த பொந்தில் ஒரு புறா தன் குஞ்சோடு குடியிருந்தது. கீழே, வங்கிப் படியோரம் சீப்பும் கண்ணாடியும் விற்றுக்கொண்டிருந்தவள் பிரகாசி. அவள் புருஷன் கப்பலில் கரி அள்ளப் போனவன். அவன் போன பிறகுதான் குழந்தை பிறந்தது.

ஒருநாள் பிரகாசி அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: "மணியண்ணே, இன்னைக்கு நாலரைக்கு அவரு கப்பல் நம்ம கடல்பாலத்த ஒட்டிப் போகுதாம். நிக்காதாம். மேல்தட்டுல வந்து நிக்கிறேன், புள்ளையத் தூக்கிக் காட்டுன்னு சொல்லி அனுப்பியிருக்காரு. அங்க ஒதுங்க நிழல் கிடையாது, புள்ளையோட முன்னாடியே போய் நிக்க முடியாது. பெரிய முள்ளு நாலுக்கு வந்ததும் ஒரு குரல் குடுங்க, ஓடிருவேன்."

"இத்தனை வருஷத்துல நான் பிந்தியிருக்கேனா? நீ பிள்ளைக்குத் தலையை வாரு" என்றது கடிகாரம்.

"வாருறதுக்கு மண்டையில முடி இருந்தாத்தானே."

புறா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

நாலேகால் ஆயிற்று. பெரிய முள் மூன்றுக்கு வந்து பலகை போலக் கிடந்தது. பொந்திலிருந்து தத்தி வந்த புறாக்குஞ்சு அதன் நுனியில் போய் உட்கார்ந்து, அப்படியே கண்ணை மூடிக்கொண்டது. முள் இனி இறங்கினால் குஞ்சு சறுக்கிவிடும்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. பிள்ளை தூங்குது" என்றது புறா.

"எழுப்பு."

"எழுப்பினா பதறி விழுந்துரும். இறக்கை இன்னும் பலப்படலை. ஒரே நிமிஷம்."

"கீழ ஒருத்தி என்னை நம்பி உக்காந்திருக்காளே."

"அவளும் பிள்ளை பெத்தவதானே. ஒண்ணும் சொல்லமாட்டா."

கடிகாரம் சக்கரங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொன்று என்றது புறா. அப்புறம் அது கேட்கவும் இல்லை, கடிகாரம் அதட்டவும் இல்லை. குஞ்சின் முதுகு இறகு காற்றில் பிரிந்து பிரிந்து சேர்ந்தது. தாய்ப்புறா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டது.

கடல் பக்கம் கப்பல் ஊதியது. அந்தச் சத்தத்தில் விழித்த குஞ்சு இறக்கையை விரித்து, வீதியைத் தாண்டி எதிர்க்கூரைக்குப் பறந்து போயிற்று. ஒரு தடுமாற்றம்கூட இல்லை.

பிரகாசி அண்ணாந்து பார்த்தாள். முள் நாலேகாலிலேயே கிடந்தது. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள். புறாவும் அவளுக்கு மேலேயே பறந்து போயிற்று.

பால முனையில் அவள் குழந்தையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். கப்பலின் பின்புறம்தான் தெரிந்தது. மேல்தட்டில் யாரோ புள்ளியாக நின்றார்கள். அவன்தானா என்று சொல்ல முடியவில்லை. புகையும் மறையும் வரை அவள் கையை இறக்கவில்லை.

திரும்பி வந்து அவள் யாரையும் திட்டவில்லை. "எத்தனை நிமிஷம் நின்னீங்க, அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

கடிகாரத்துக்கு வாய் எழவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கடிகாரமும் பேசவே இல்லை. புறா படிக்கு இறங்கி வந்து அவள் முன்னால் நின்றது. தான்தானே சொல்லியாக வேண்டும் என்று, ஒன்று, இரண்டு எனத் தலையை ஆட்டி எண்ணிப் பார்த்தது. குஞ்சையே பார்த்துக்கொண்டிருந்ததில் கணக்கு விட்டுப்போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணியது.

அன்று முதல்தான் புறா அடிக்கு ஒருதரம் தலையை ஆட்டிக்கொண்டே நடக்கிறது. யாராவது கிட்டே போனால் பறந்துவிடும். பிறகு அதே இடத்தில் இறங்கி, திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும்.