கீழ் ஓலையில் கட்டிய கூடு

ஒரு காட்டில், சுனைக்குப் பக்கத்தில் ஒரு பனைமரம் நின்றது. மழைக்காலம் நெருங்கினால் போதும், தூக்கணாங்குருவிகள் எல்லாம் அங்கே கூடிவிடும். ஆண்குருவிகள் கூடு பின்னும். பாதி பின்னியதும் பெண்குருவிகள் வந்து இழுத்து இழுத்துப் பார்க்கும். பிடித்தால் குடிவரும். பிடிக்காவிட்டால் பறந்துவிடும். அந்தக் கூட்டத்தின் வழக்கம் அது.

அங்கே மஞ்சன் என்றொரு குருவி இருந்தான். அவனைப் போல் பின்ன அந்தக் காட்டில் ஆள் கிடையாது. ஆனால் பாருங்கள் பிள்ளைகளே, கோபம் மட்டும் அவனுக்கு அலகு நுனியிலேயே நிற்கும்! எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்று, இருப்பதிலேயே தாழ்ந்த ஓலையில் கூட்டைக் கட்டினான்.

பெண்குருவிகள் வந்தன, பார்த்தன, போய்விட்டன.

"நல்லது எது, கெட்டது எது என்று தெரியாத கூட்டம்!" என்று மஞ்சன் பொருமினான்.

மேல் ஓலையில் கூவன் என்ற குருவியின் கூடு தொங்கியது. கோணல்மாணலான கூடு. ஆனாலும் அவனுக்கு ஜோடி கிடைத்துவிட்டது.

"இந்தப் பொத்தலுக்கா ஜோடி?" என்றான் மஞ்சன்.

"ரெண்டு தடவை பிரித்துக் கட்டினேன் அண்ணே. அவள் சொன்ன இடத்தையெல்லாம் மாற்றினேன்."

"அவள் சொன்னாள் என்று பிரித்தாயா? வெட்கமாயில்லை?"

"இதில் என்ன வெட்கம்? முட்டையிடப்போவது அவள்தானே!" என்று சிரித்தான் கூவன்.

மறுநாள் சாம்பி என்ற பெண்குருவி வந்தாள். மஞ்சனின் கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"பின்னல் அருமை. ஆனால்..."

"ஆனாலாவது ஆவன்னாவாவது! வேண்டாம் என்றால் நடையைக் கட்டு!" என்று சீறினான் மஞ்சன்.

சாம்பி பறந்து போய்விட்டாள்.

நாட்கள் ஓடின. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மற்ற கூடுகளிலெல்லாம் ஒரே கீச்சுக்கீச்சு. மஞ்சனின் கூட்டில் மட்டும் சத்தமே இல்லை. இந்த மழைக்கும் ஜோடி இல்லை, குஞ்சு இல்லை என்று நினைத்து நினைத்து, பாவம், அவன் ஏங்கினான்.

சாம்பி தண்ணீர் குடிக்கச் சுனைக்கு வந்தாள். மஞ்சன் தயங்கித் தயங்கி அவளருகே போனான்.

"அன்றைக்கு 'ஆனால்' என்றாயே... என்ன அது?"

சாம்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கூட்டில் குறையே இல்லை. ஓலையைப் பார். கீழ் ஓலைதானே முதலில் பழுக்கும்? பெருங்காற்று அடித்தால் அது கூட்டோடு கீழே வந்துவிடும். என் குஞ்சுகள் சுனையில் விழவேண்டுமா?"

மஞ்சன் அண்ணாந்து பார்த்தான். ஓலை பழுத்து, மட்டை வெடித்திருந்தது. தினமும் கூட்டையே பார்த்துப் பூரித்தவன், அது தொங்கிய ஓலையை ஒருநாளும் பார்க்கவில்லை. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"இனிமேல் பின்னினால் மழைக்குள் முடியுமா?"

"தெரியாது. நீ பின்னு, நான் வந்து பார்க்கிறேன்."

மஞ்சன் அழகான அந்தக் கூட்டை அப்படியே விட்டுவிட்டு, உயரத்தில் ஒரு பச்சை ஓலையைத் தேடிப் பிடித்தான். அலகு வலிக்க வலிக்க, முதல் நாரிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.

தூறல் விழத் தொடங்கியபோது சாம்பி வந்தாள். இழுத்துப் பார்த்தாள்.

"இங்கே முடிச்சு தளர்ந்திருக்கிறதே."

மஞ்சனின் தலை இறகு சிலிர்த்து நின்றது. மெல்ல மெல்ல அடங்கியது.

"எங்கே? காட்டு."

காட்டினாள். அவன் இன்னொரு நாரைச் சுற்றி இறுக்கினான். அவள் மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மழை வலுத்தது. மஞ்சன் ஓலையில் உட்கார்ந்து நடுங்கினான்.

கூட்டு வாயிலிருந்து சாம்பி தலையை நீட்டினாள்.

"ஏன் நனைகிறாய்? உள்ளே வா."

நீதி: எவ்வளவு திறமை இருந்தாலும், குறையைக் காதுகொடுத்துக் கேட்கும் மனம் இருந்தால்தான் காரியம் கைகூடும்.