ஊசிய பருப்பும் கிராம்புத் தைலமும்

முன்னொரு காலத்திலே மஞ்சக்கோட்டைச் சீமையை விக்கிரமசூடன் என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்றா சொன்னேன்? சந்தேகப்பட்டான். அவ்வளவுதான் அவன் வேலை. சோற்றை மூன்று பேர் தின்று காட்ட, மூவரும் உயிரோடு நடமாடுகிறார்களா என்று பார்த்த பிறகே இலையில் கை வைப்பான்.

அவனுக்கு ஈறு வீங்கிச் சீழ் கட்டியது. ராஜா வாயைத் திறந்தால் நாற்றம் குடலைப் புரட்டும். ஆனால் யார் சொல்வது? சொன்னவன் தலை கழுத்தில் நிற்குமா? சபை முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. கவரி வீசும் பொன்னம்பலம் மட்டும் ஒரு நாள் தாங்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான், பாவம்.

"முகத்தையா திருப்புகிறாய்? யாருக்கடா சாடை காட்டினாய்? சதி! வெள்ளிக்கிழமை இவனை யானைக் காலில் போடுங்கள்!" என்று கத்தினான் ராஜா.

பொன்னம்பலத்தின் பெண்டாட்டி செங்கமலம் தைலம் வடிப்பவள். அழுதால் யானை நிற்குமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை ஒரு குப்பி கிராம்புத் தைலத்தோடு சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் கொப்பளியுங்கள். ஈற்றுப் புண் ஆறும்."

அரண்மனை வைத்தியர் சடையப்பர் துள்ளிக் குதித்தார். ஆறு மாதமாகத் தேனும் வெல்லமுமாக லேகியம் ஊட்டிப் புண்ணை வளர்த்த புண்ணியவான் அவர்தான். "புருஷன் சிறையிலே, பெண்டாட்டி கையிலே குப்பி! நாக்கில் பட்டால் சுரீரென்று எரியும், மகாராஜா. விஷம்!"

"அப்படியானால் நீரே ருசி பாரும்," என்றான் ராஜா.

"நானா? எனக்கு ஒன்று ஆகிவிட்டால் தங்களை யார் பார்ப்பது?"

செங்கமலம் தானே கொப்பளித்துக் காட்டினாள். ராஜா கண்ணை இடுக்கினான். "நீ வீட்டிலேயே மாற்று மருந்து தின்றுவிட்டு வந்திருப்பாய்!"

அடக் கடவுளே, இந்த மனுஷனை என்ன செய்வது?

"சரி மகாராஜா, யார் வாயும் வேண்டாம்," என்றாள் அவள். "இரண்டு கலயத்தில் பருப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் வைத்தியர் லேகியம், இன்னொன்றில் என் தைலம். புண்ணை அழுகவைக்கிற கிருமிக்கும் பருப்பை ஊசவைக்கிற கிருமிக்கும் குணம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை திறந்து பாருங்கள், எது அடக்குகிறதோ அதுவே மருந்து. என் கலயம் ஊசினால் என்னையும் அந்த யானைக்கே போடுங்கள்."

ராஜா தன் கையாலேயே இரண்டையும் மெழுகு வைத்து அடைத்தான். முத்திரை குத்தினான். யாரையும் நம்பாமல் சிம்மாசனத்துக்கு அடியிலேயே வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வாசலில் யானை நின்றது.

முதலில் தைலக் கலயத்தைத் திறந்தார்கள். கிராம்பு மணந்தது, பருப்புத் தண்ணீர் ஊசவில்லை. அடுத்து லேகியக் கலயம். ராஜாவே குனிந்து மூடியைப் பெயர்த்தான்.

"ஐயய்யோ!" மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான்.

செங்கமலம் ஓரடி முன்னே வந்தாள். "மகாராஜா, முகத்தைத் திருப்பினீர்களே! யாருக்குச் சாடை காட்டினீர்கள்?"

சபை வெலவெலத்துப்போயிற்று.

"சாடையாவது மண்ணாவது! நாற்றம், பெண்ணே! இந்த நாற்றத்துக்கு மனுஷன் திரும்பாமல்..." ராஜா பாதியிலே நிறுத்தினான். கை மெல்ல வாய்க்குப் போயிற்று. பிறகு கேட்டான்: "சடையப்பரே, மறைக்காமல் சொல்லும். என் வாயும் இப்படித்தானா?"

"சிவ சிவா! தங்கள் வாய் தாழம்பூ, மகாராஜா!"

ராஜா தலையாட்டினான். பொன்னம்பலத்தை அந்த நிமிஷமே விடுவித்து, அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். செங்கமலத்துக்குக் கைநிறையப் பொன்வளையல் போட்டு, அவளையே அரண்மனை வைத்தியச்சி ஆக்கினான். எல்லார் முன்னாலும் தைலத்தைக் கொப்பளித்தான், எரிந்தது, பொறுத்துக்கொண்டான்.

"சடையப்பரே, புண் ஆற இன்னும் பத்து நாளாவது ஆகுமாம். அதுவரை என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து தாழம்பூவை முகரும். முகம் மட்டும் திரும்பக் கூடாது. யானை வாசலிலேதான் நிற்கிறது."

அன்றைக்கென்று ராஜாவுக்குப் பேச நிறைய விஷயம் இருந்தது.